தண்ணீர்த் தோணிக்காரன்

1931, வெள்ளிக்கிழமை காலை. அலமாரியைத் திறந்த ருக்கையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்க வளையல்கள் வைத்த இடத்தில் இருந்தன. நாவலைத்தான் காணோம்.

சூலியா தெருவில் அந்த நாவல் பிரசித்தம். படிக்கத் தெரியாத ருக்கையாவுக்குப் பக்கத்து வீட்டு ரோஹானா வியாழன்தோறும் வாசித்துக் காட்டுவாள். நேற்று வாசிப்பு முடிந்த பிறகுதான் கடலுக்கு அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து தங்கை மகள் சலேஹா வந்து சேர்ந்தாள். இனி இங்கேயே தங்கப் போகிறவள், படித்தவள். ரோஹானா கிளம்பும் முன்பே, முதலிலிருந்து தானே வாசிப்பதாகச் சொல்லியிருந்தாள்.

இப்போது பழி அவள் தலையில் விழுந்தது. சாயங்காலப் படகிலேயே திருப்பி அனுப்பிவிடுவதாக ருக்கையா கத்தினாள்.

ருக்கையா நானா என்று கூப்பிடும் அண்ணன், அவள் பெரியப்பா மகன் இஸ்மாயில் வந்தார். போலீசில் துப்பறியும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பேசுவதைவிடக் கேட்பது அதிகம். அதனாலேயே பதவி உயர்வு வரவில்லை என்பார்கள்.

"ராத்திரி இந்த அறையில யாரு?"

"நான்தான் மாமா," என்றாள் சலேஹா. "ஆனா சத்தியமா தொடல லா!"

"சாவி?"

"என் இடுப்புல," என்றாள் ருக்கையா. "ராத்திரி பூரா அவுக்கல நானா."

"நேத்து பூட்டினது?"

"ரோஹானா. பூட்டிட்டு சாவிய என் கையில கொடுத்துட்டுப் போனா. எப்பவும் அப்படித்தான்."

பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இஸ்மாயில் மோவாயைத் தடவினார்.

"சரி, கதை என்ன?"

ருக்கையாவின் முகம் மலர்ந்தது. "ராஜா, மந்திரி எல்லாம் மனசுல நிக்கல நானா. ஒரு தோணிக்காரப் பையன் வருவான். கப்பலுக்குத் தண்ணி கொண்டு போறவன். இடது காலச் சாய்ச்சு நடப்பான். ஒவ்வொரு அத்தியாயத்துலயும் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடுவான்."

"அவன் எதுக்கு வர்றான்?"

"என் ஹமீது உயிரோட இருக்கான்னு சொல்லத்தான். வேற எதுக்கு?"

ஹமீது அவளுடைய ஒரே மகன். ரங்கூன் போன கப்பல் மூழ்கி மூன்று வருஷமாகிறது. உடல் கிடைக்கவில்லை. ரோஹானா அவனுக்கு நிச்சயித்த பெண்.

இஸ்மாயில் எழுந்து சுல்தானின் புத்தகக் கடைக்குப் போனார். மாலையில் திரும்பியபோது அவர் முகம் சரியாக இல்லை. ரோஹானாவும் வந்திருந்தாள். சலேஹா பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்திராவிட்டால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

"ராத்திரி யாரும் அலமாரியத் திறக்கல. புத்தகம் அதுக்குள்ள போகவே இல்ல. புத்தகத்த வைக்காமலே அலமாரியப் பூட்டியிருக்கு. எடுத்தது நீதான், ரோஹானா."

ரோஹானா தலைகுனிந்தாள்.

"யாரு எடுத்தான்னே கேட்டுக்கிட்டு இருந்தோம். அதுல என்ன இருக்குன்னு பாக்க மறந்துட்டோம். சுல்தான் கடையில இன்னொரு பிரதி இருந்துச்சு. பக்கம் பக்கமாப் பொரட்டிட்டேன். தோணிக்காரன் எங்கேயும் இல்ல."

ரோஹானாவே சொன்னாள்.

"மாமி சோறு தண்ணி இல்லாமக் கிடந்தாங்க. ஒருநாள் வாசிக்கிறப்போ அவரு மாதிரியே இடது காலச் சாய்ச்சு நடக்கிற ஒருத்தனை நுழைச்சேன். அன்னிக்குச் சாப்பிட்டாங்க. அப்புறம் நிறுத்த முடியல மாமா. எனக்கும்தான் அது வேண்டியிருந்துச்சு. வியாழக்கிழமையானா அவரு வந்துட்டுப் போற மாதிரி இருக்கும். சலேஹா படிச்சா அவரு இல்லாமலே போயிடுவாரே..."

ருக்கையாவின் கை உயர்ந்தது. அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் ரோஹானாவை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். இறந்தவர்களுக்கான பாத்திஹாவை மகனுக்காக ஓதலாமா என்று கேட்டவர்களையெல்லாம் இத்தனை காலம் வாசலோடு விரட்டியவள் அவள்.

"நாளைக்கு லெப்பைய வரச் சொல்லுங்க நானா," என்றாள். "என் புள்ளைக்கு ஓதணும்."

அப்போதுதான் ரோஹானா, மூன்று வருஷத்தில் முதல்முறையாக, மாமியின் முன்னால் வாய்விட்டு அழுதாள்.