மணக்காத பூ ஒன்று

“பூ இருக்கா?” என்பதுதான் அந்த ஊரில் காலை வணக்கம். “இருக்கு, இருக்கு” என்று பதில் வந்த பிறகே வாசலை விட்டுக் காலைக் கீழே வைப்பார்கள். நிலக்கோட்டை வெயிலுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் கிளம்பி, ஆர்க்டிக் கரையில் வந்து குடியேறிய பூக்காரச் சனம் அது. வந்த இடத்திலும் பூவையே கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று தலையில் எழுதியிருந்தது போலும்.

ஆனால் இது வேறு பூ. பனிப்பூ என்று பெயர் வைத்திருந்தார்கள். வடதுருவக் கரைகளில் மட்டும் முளைக்கும் டெய்சி வகை. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், வாசனை கிடையாது. அதன் வேருக்குக் குளிர் வேண்டும். அது பூத்திருந்தால் அடிநிலம் இன்னும் கல்லாக உறைந்திருக்கிறது என்று பொருள். பூ இல்லாத இடம் உள்ளுக்குள் உருகிச் சேறாகிவிட்டது. அங்கே கால் வைத்தவர்கள் திரும்பவில்லை. மண்ணின் குளிரை அளக்க ஊர்க்காரர்கள் புதைத்த நிலவுணரிகள் எல்லாம் ஒரே கோடையில் அந்தச் சேற்றுக்குள் போய் வாயை மூடிக்கொண்டன. பூ மட்டும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கோடையிலும் பூத்த மேட்டைப் பார்த்து, சறுக்குச்சட்டத்தின் மேல் நிற்கும் நகர்வீடுகளை இழுத்துக்கொண்டு போவார்கள்.

எந்த மேடு என்று சொல்வது பூப்பார்வையாளர் ஒச்சம்மாளின் வேலை. கெட்டிக்காரி, கொஞ்சம் வாய்க்கொழுப்பும் உண்டு. இந்த ஆண்டு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வடக்கு மேடு முழுக்க வெள்ளை வெளேர் என்று கிடந்தது. “இப்பிடிப் பூத்து நான் பாத்ததே இல்ல, தைரியமா இழுத்துட்டு வாங்க” என்று அவள்தான் சொன்னாள். முதலில் வந்து நின்றது அவள் அண்ணன் வீடு. அண்ணன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் மதினி பாண்டீஸ்வரியும் கைக்குழந்தையும்தான்.

“பூ இருக்கா ஒச்சு?” காலையில் மதினி வாசலில் நின்று கேட்டாள்.

“கண்ணு தெரியலையா மதினி? கொட்டிக் கெடக்கு.”

சற்றுத் தள்ளி நின்றிருந்த ஒச்சம்மாளின் பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்தது. கட்டுவதற்குக் குனிந்தாள். மூக்கில் ஏறிய வாசனையில் கை அப்படியே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் மதினி தலையிலிருந்து வரும் வாசனை. சாமந்தி! சாமி படத்துக்கென்று மதினி வீட்டோடு சேர்ந்த கண்ணாடித் தோட்டத்தில் பொத்திப் பொத்தி வளர்க்கும் சாமந்தி.

“மதினி, கண்ணாடித் தோட்டத்துக் கூரையத் தொறக்குறதுண்டா?”

“மூணு நாலு கோடையாத் தொறக்குறேன். உள்ள தேனீயெல்லாம் புழுங்கிச் சாகுது, பாவமா இருக்கு. வெளிய போயி காத்தாடிட்டு, பொழுது சாய வந்துருங்க. ஏன் கேக்குற?”

ஒச்சம்மாள் காலடிப் பூவைக் கிள்ளி மோந்தாள்; சாமந்தி வாசனை அதிலிருந்துதான். தேனீக்கள் காற்று வாங்கவா போயிருக்கும்? சாமந்தித் தூளைக் காலில் ஒட்டிக்கொண்டு போய், அதன் உறவான பனிப்பூவில் பூசியிருக்கும். கலந்து பிறந்த பூவின் முகம் பனிப்பூவினுடையது, வேர் சாமந்தியினுடையது. அந்த வேருக்கு வெயிலும் சூடும் புதிதல்ல. உருகிய மண்ணில் அது கும்மாளமாகப் பூக்கும்.

கையில் ஊன்றிவந்த இரும்புக்கம்பியைத் தரையில் குத்தினாள். பூவை நம்பி அவள் அதைக் குத்திப் பார்த்தே வருடங்கள் ஆகியிருந்தன. ஒரு சாண் இறங்கி ‘ணங்’ என்று நிற்க வேண்டிய கம்பி, வெண்ணெயில் இறங்குவதுபோல் பிடிவரை போய்விட்டது. பதறிப் பின்வாங்கியவளின் கால் முழங்கால்வரை புதைந்தது. சேறு வெதுவெதுப்பாக இருந்தது.

வீடு முனகியது. உள்ளிருந்து ஒரு டம்ளர் தானாக உருண்டு வாசற்படியில் வந்து விழுந்தது. மதினி உள்ளே ஓடி, குழந்தையை அள்ளிக்கொண்டு படிக்குத் திரும்பி வந்தாள்.

“ஒச்சு! வீடு சாயுது! எங்குட்டுக் கால வைக்க?”

“எறங்காதீங்க! நான் சொல்றவரைக்கும் எறங்காதீங்க!”

பழைய பனிப்பூ எங்காவது ஒன்று மிஞ்சியிருந்தால், அதன் கீழே உறைநிலம் இருக்கும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. காலைப் பிடுங்கிக்கொண்டு ஒச்சம்மாள் குப்புறப் படுத்தாள். வாசற்படியை நோக்கி, ஒவ்வொரு பூவாக மோந்துகொண்டே ஊர்ந்தாள். ஏழு தலைமுறையாகப் பூவை மணத்துக்காகவே வளர்த்த வீட்டில் பிறந்தவள், ஒரே ஒரு பூவாவது மணக்காமல் இருக்காதா என்று கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டாள்.

மூக்கை வைத்த பூவெல்லாம் நிலக்கோட்டைச் சந்தைபோல் கமகமவென்று மணத்தது. படியில் நின்ற மதினி, அவள் சொல்லப்போகும் இடத்துக்காகக் காத்திருந்தாள்.