பிரிக்காத ஐந்து கவர்கள்

"நாளைக் காலையில் இந்த வழக்கிலிருந்து விலகுவதாக மனுக் கொடுக்கப்போகிறேன்," என்றார் வக்கீலம்மா. குரலில் கோபம்கூட இல்லை. மூன்று மாதம் கோபப்பட்டு ஓய்ந்துபோன குரல்.

எதிரே ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழி தவறிய கடிதங்களைத் தேடிப் பழகியவர். இப்போது மனிதர்களையும் தேடிக் கொடுக்கிறார்.

கட்சிக்காரர் ஒரு பூட்டுக்காரர். அவர் மகன் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இறந்தான். 'அவனுடைய கவனக்குறைவே காரணம்' என்று எழுதியது நிர்வாகம். அந்த ஒரு வரியை நீக்கத்தான் வழக்கு. அவருடைய கையெழுத்து நாளைக்குள் கிடைக்காவிட்டால் அந்த வரி நிலைத்துவிடும்.

"அஞ்சு பதிவுத் தபால் அனுப்பினேன். ஒப்புகை அட்டை எல்லாம் வந்துடுச்சு, பதில்தான் வரல. அவர் கொடுத்த நம்பர் மகனோடது. அது அணைஞ்சே கிடக்கு."

"ஆளை விலைக்கு வாங்கிட்டாங்க அத்தான்!" என்று துள்ளினார் போஸ்ட்மாஸ்டரின் மச்சினர், முன்னாள் கண்டக்டர்.

"கொஞ்சம் பிரேக் போடுப்பா," என்று போஸ்ட்மாஸ்டர் அட்டைகளைப் பார்த்தார். "அஞ்சும் ஒரே கை, நிதானமான கையெழுத்து. ஒளியறவர் தபாலைத் திருப்பி அனுப்புவார். இவர் வாங்கி வச்சுக்கிறார். நேர்ல போனீங்களாம்மா?"

வக்கீலம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

மூவரும் போய்ச் சேர்ந்த பூட்டுக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. பூட்டுக்காரர் பெஞ்சைத் துடைத்து, "உட்காருங்கம்மா," என்றார். மறுபடி ஒரு சாவியை அராவத் தொடங்கினார். மேசைமேல் மின்கட்டணச் சீட்டும் அவர் தங்கையின் கடிதமும், இரண்டும் பிரித்துப் படித்தவை. அலமாரியில் ஐந்து நீளமான பழுப்புக் கவர்கள், ஓரம் பிசகாமல் அடுக்கியபடி, பிரிக்காமல். அடியில் ஆறாவது, அது மட்டும் தாறுமாறாகக் கிழிந்திருந்தது.

"ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவருக்கு ஒரு கவர் திறக்க வரலையா?" என்று முணுமுணுத்தார் மச்சினர்.

போஸ்ட்மாஸ்டர் ஆறாவது கவரைத் திருப்பினார். தொழிற்சாலை முத்திரை.

"மத்த தபாலையெல்லாம் படிக்கிறார். பழுப்புக் கவரை மட்டும் தொடல," என்றார் மெதுவாக. "அந்த வரி வந்தது இதே மாதிரி கவர்லதான். உங்க ஆபீசும் இதையேதான் அனுப்புது. வாங்க மறுக்க அவருக்கு மரியாதை இடம் கொடுக்கல. பிரிக்க மனசு இடம் கொடுக்கல."

அரம் நின்றது. பூட்டுக்காரர் தலை நிமிராமல் கேட்டார்: "என் பிள்ளையைப் பத்தி இன்னும் ஏதாவது எழுதியிருக்காங்களாம்மா?"

வக்கீலம்மா அந்த ஐந்து கவர்களைப் பார்த்தார். ஐந்து முறை முகவரி எழுதிய கைக்கு, ஒருமுறை கதவைத் தட்டத் தோன்றவில்லையே.

"இல்லைங்க. உங்க கையெழுத்துதான் வேணும்." பக்கத்தில் அமர்ந்து முதல் கவரைத் தானே பிரித்து, வரிவரியாகப் படித்துக் காட்டினார். பூட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

வக்கீலம்மா எழுந்தபோது, தான் விலகுவதாக எழுதியிருந்த ஐந்தாவது கவரை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"அதுல என்னம்மா?" என்றார் பூட்டுக்காரர்.

"அது நான் தப்பா அனுப்பினதுங்க."