ஒன்பதாம் படிக்குக் கீழே

மெழுகுவத்தி நிலவறையின் மேல்படியிலேயே இருந்தது, திரிகூடக் கருகாமல்.

ஒர்னெல்லா அதைக் குனிந்து எடுத்தாள். திராட்சைச் சாறு நொதிக்கிற நாட்களில் மோந்தெரெல்லோ ஊரில் எவனும் கையில் சுடர் இல்லாமல் நிலவறைக்குள் இறங்கமாட்டான். தொட்டிகள் விடுகிற நச்சுக்காற்று தரையோடு படுத்துக் கிடக்கும், சுடர் அணைந்தால் அதற்குக் கீழே மூச்சு கிடையாது. அவள் புருஷன் ரூஜ்ஜேரோவோ, "ஜன்னலத் திறந்துட்டேன், அது போதும்" என்று காலையில் வீம்பு பேசியிருந்தான். வீம்பில் அவனை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. இப்போது உச்சிப்பொழுது. ஊர்ச்சனம் முழுக்க மலைச்சரிவில் அறுவடையில் இருந்தது.

"ரூஜ்ஜேரோ! மேல வந்து தொலையேன்!"

"வர்றேன்டி, கத்தாத. தொட்டில திராட்சைச் சக்கை மேல எழும்பிடுச்சு, அமுக்கிட்டு வர்றேன்."

போன உயிர் திரும்பி வந்தது. நேரில் நாலு வார்த்தை திட்டுவதற்காகவே மெழுகுவத்தியை ஏற்றி இறங்கினாள். புளித்த சாற்றின் நெடி மூக்கைக் குத்த, சுவர்க்கல்லின் ஈரம் தோளில் உரச, கீழே இருட்டில் தடிக்கழி சக்கையை அமுக்கும் சத்தம் தொப், தொப் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் படியில் சுடர் அணைந்தது. தீக்குச்சி கிழித்தாள். அதுவும் அணைந்தது.

"ஒர்னெல்லா, காலு மரத்துப்போச்சு. கயிறு போடேன்."

இருமல் இல்லை. மூச்சிரைப்பும் இல்லை. கவனித்தாள். கவனிக்காததுபோல் மேலே ஓடினாள்.

பீப்பாய் இறக்கும் கயிற்றை வீசினாள்.

"கட்டிட்டேன். இழு."

இழுத்தாள். உள்ளங்கை கிழிந்தது. மாதாவே, இவனை மட்டும் விட்டுடு, வேற எதையும் கேக்கமாட்டேன். ஒரு படி. இன்னொரு படி. கல்லில் அவன் தலை மோதியது.

வெளிச்சத்துக்கு வந்தான்.

முகம் நீலம் பாரித்திருந்தது. கைகள் விறகாய் விறைத்திருந்தன. செத்து மணிக்கணக்காகியிருந்தது. நெஞ்சில் கயிறு, இறுக்கமான முடிச்சோடு.

மடியில் போட்டுக்கொண்டு கதறினாள்.

தொப். தொப்.

"எங்கடி போன? நான் இன்னும் இங்கதான் இருக்கேன். கயிறு போடு."

அவன் குரல். அவனுடையதேதான்.

மடியிலிருந்த முகத்தைப் பார்த்தாள். இருட்டைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

"ஒர்னெல்லா... பயமா இருக்குடி."

அவள் விரல்கள் பிணத்தின் நெஞ்சிலிருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கின.