பசியில்லாத பிள்ளை

மதியத்திலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை. பாட்டிலை உதட்டருகே கொண்டுபோனால் நாக்காலேயே தள்ளிவிட்டான். பசி வந்தால் வீட்டையே இரண்டாக்குகிற கைக்குழந்தை, இன்று கல்யாணச் சாப்பாடு முடித்த பெரிய மனிதர் போல வயிறு புடைக்கப் படுத்திருந்தான். கன்னத்தில் செம்பழுப்பாக ஓர் இழை ஒட்டியிருந்தது. அவன் அம்மா தையல்காரி, நூலாக இருக்கும் என்று துடைத்துவிட்டாள்.

அந்தத் தெருவில் எல்லோருக்கும் நரிகள் மேல் கொலைவெறி. குப்பைத்தொட்டியை உருட்டிவிடும், வாசலில் கிடக்கும் செருப்பைக் குதறிவைக்கும், இருட்டினால் மதில் மேல் நின்று ஆளையே முறைக்கும். "கைக்குழந்தைக்காரி, ஜாக்கிரதையா இரும்மா. கவ்விட்டுப் போச்சுன்னா யாரைப் போய்க் கேப்ப?" என்று எதிர்வீட்டு டீச்சர் பார்க்கும்போதெல்லாம் பயமுறுத்தினாள். போன வாரம் பின்படிக்கட்டுக்கு அடியில் ஒரு வளை தெரிந்ததும், அவள் கணவன் கல்லும் சிமெண்டும் போட்டு அதை அடைத்தான். சிமெண்டுக்குத் தண்ணீர் ஊற்றியது அவள்தான். அப்போது உள்ளே ஏதோ முனகியது.

"உள்ள குட்டி இருக்கும் போலங்க."

"இருக்கட்டும். வளந்து நம்ம பிள்ளையத்தான கடிக்கும்?"

சனியன் ஒழிந்தது என்றுதான் அவளுக்கும் இருந்தது. முனகல் சில நாள் கேட்டது, பிறகு நின்றுபோனது, பிறகு நாற்றம் வந்தது. படிக்கட்டில் பாட்டில் பாட்டிலாக ஃபினாயில் ஊற்றினார்கள்.

பொழுது சாய்ந்து, மழை வரப்போகிற புழுக்கத்தில், முன்னறையில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் கடகடத்துக்கொண்டே இருந்தது; பாபினில் நூல் தீர்ந்து அவள் அதை நிறுத்தியபோதுதான் பின்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சப், சப் என்று, ஈரமாக, நிதானமாக. நடுநடுவே பிள்ளையின் சிரிப்பு. வேலை முடிந்து வந்துகொண்டிருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"பால் வேணாங்கிறான். ஆனா தூக்கத்துல வாயைச் சப்புறான், சிரிக்கிறான். பயமா இருக்குங்க."

"நரி விரட்டுதுடி, விடு. தெருமுனைக்கு வந்துட்டேன்."

தூக்கத்தில் பிள்ளை சிரித்தால் எந்த வீட்டிலும் சொல்வதுதான். அவளும் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். பாபினை மாற்றி, மிதிபலகையில் காலையும் வைத்துவிட்டாள். அப்புறம்தான் அந்தச் சொல் உறைத்தது: நரி.

எழுந்தாள். ஃபினாயில் நாற்றத்துக்கு மேலே இன்னொரு வாடை, மழையில் நனைந்த ரோமத்தின் வாடை, நடையில் அவள் முகத்தில் வந்து மோதியது. பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஜன்னலின் கொசுவலை மூலையில் கிழிந்து உள்பக்கம் தொங்கியது. கிழிசலின் ஓரமெங்கும் செம்பழுப்பு மயிர்.

சப். சப்.

விளக்கைப் போடவில்லை. தேவையும் இல்லை. ஜன்னல் வெளிச்சமே போதும்.

மெத்தையில் பெண் நரி சாய்ந்து படுத்திருந்தது. விலா எலும்புகள் தெரிந்தன. முன்னங்கால் நகங்கள் தேய்ந்து, விரல்களில் சிமெண்டுத் தூளும் ரத்தமும் காய்ந்திருந்தன. மடி கனத்துத் தொங்கியது. அதில் முகத்தைப் புதைத்திருந்தான் அவள் பிள்ளை. சின்ன விரல்கள் ரோமத்தை இறுகப் பற்றியிருந்தன.

நரி ஓடவில்லை. அவளைப் பார்த்தது.

ஓரடி வைத்தாள்.

அது தலையைக் குனிந்து பிள்ளையின் பிடரியை வாயில் கவ்வியது. அழுத்தவில்லை. தன் குட்டியைத் தூக்கும் பதம்.

அவள் நின்றாள். மூச்சையும் நிறுத்தினாள்.

வாசலில் பைக் நின்றது.

"ஏய், அந்தக் கட்டையை எடு!" கணவன் கத்திக்கொண்டே உள்ளே வந்தான். "மதில்மேல ஒரு நரி நிக்குது!"

பேசாதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். தடதடவென்று செருப்புச் சத்தம் நடையில் நெருங்கியது.

நரியின் காதுகள் பின்னால் படிந்தன. தாடை மெல்ல இறுகியது. உதட்டில் பால் வழிய, பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தான்.