முகர்ந்து பார்க்காத பூ

"யோவ்! யாருய்யா அது... எஞ்செடியோட தலையை அறுத்துக்கினு இருக்கறது?"

தாட்சாயணி போட்ட சத்தத்தில் கிணற்றடி வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. பாத்திக்கு நடுவே குந்தியிருந்தவன் மட்டும் அசையவில்லை. கையில் சின்னக் கத்தி, பக்கத்தில் மூங்கில் கூடை. கூடை நிறைய ஊதா நிறப் பூப்பந்துகள். காலையில் பெய்த கோடைத் தூறல் இன்னும் அவற்றின் மேல் துளித்துளியாக நின்றிருந்தது...

அவன் மெல்லத் திரும்பினான். மூக்கையும் வாயையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தான். தெரிந்ததெல்லாம் இரண்டு கண்கள்தான். ஆனால் என்ன கண்கள்! தூறலில் நனைந்த இமைகள்... திருட்டு முழி கொஞ்சமும் இல்லை. 'திருடனுக்கு எதுக்குடி இவ்வளவு அழகான கண்ணு?' என்று மனசு கேட்டது. சும்மா இரு என்று அதை அடக்கிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

"பெருமாளுக்குத்தான் பறிக்கிறேன்," என்றான் துணிக்குள்ளிருந்து. "சாமிக்குன்னா வேலியோரப் பூவை யாரும் கேட்டுட்டுப் பறிக்கறதில்லைங்களே..."

"வேலியோரமா? மூணு பாத்தி உள்ள வந்துக்கீற! இன்னும் ஒரு வாரத்துல ஊரு ஆந்திராவுக்குப் போவுதுன்னா, எந்தோட்டத்து வேலியும் நவுந்துபோச்சா?"

அது 1960, பங்குனி மாதம். எல்லைத் தகராறு தீர்ந்து, நாகலாபுரம் மெட்ராஸ் ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்கு மாற நாள் குறித்தாகிவிட்டது. ஊருக்கு அந்தக் கவலை. வேதநாராயணர் கோயிலுக்கோ சூரிய பூஜை கவலை. மாலை கட்டுவதற்காகத் திருப்பதியிலிருந்து இந்தக் கண்ணபிரானை வரவழைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பூ கட்டும் வைஷ்ணவக் குடும்பம். மழையில் பூ வண்டி வந்து சேரவில்லை. ஊரைச் சுற்றிப் பூ தேடி வந்தவன் கண்ணில் இந்த ஊதாப் பந்துகள் பட்டுத் தொலைத்தன.

"இது இன்னா பூன்னு தெரியுமா உனக்கு?"

"ஏதோ சீமைப் பூ மாதிரி..."

"பூண்டு! யானைப்பூண்டு! பெருமாளு எப்பலேர்ந்து பூண்டு துன்ன ஆரம்பிச்சாரு?"

கத்தி அவன் கையிலிருந்து நழுவியது. "பூண்டா?"

பாவம், அவன் வீட்டு வாசற்படியைப் பூண்டு தாண்டியதே கிடையாது. அதன் செடியையும் பூவையும் எங்கே பார்த்திருக்கப் போகிறான்?

"மோந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. மூக்கு இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீற?"

"சாமிக்குப் போற பூவை மோந்து பாக்கக்கூடாதுங்க. மூச்சுகூடப் படக்கூடாது. அதுக்குத்தான் இந்தத் துணி." அவன் குரல் தாழ்ந்தது. "பொறந்ததுலேர்ந்து நான் எந்தப் பூவையும் மோந்து பாத்ததில்லை."

தாட்சாயணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பார்வை பாத்திக்குத் திரும்பியதும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. நாற்பது செடி... நாலே நாலில்தான் பூ மிச்சம். மற்றதெல்லாம் மொட்டைக் காம்பு.

குடிபாலாவில் அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த வெள்ளைக்கார நர்ஸம்மா ஊருக்குத் திரும்பும்போது கொடுத்த விதைப்பல். பார்க்கவும் அழகு, தின்னவும் ஆகும், குளிர் மட்டும் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அதற்காகவே தாட்சாயணி தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் அந்தப் பல்லைப் புதைத்து ஒரு மாதம் குளிர வைத்து, ஐப்பசியில் நட்டாள். "இந்தச் சூட்டுல பூண்டு மண்ணுக்குள்ள உருண்டு பெருக்குமா? கரும்பு போடற எடத்தைப் பாழ் பண்ணாத," என்றார் அவள் நைனா ஆதிநாராயணன். விடவில்லை அவள். கடைசியில் அவர் ஒரு கெடு வைத்தார். சித்திரை முடிவதற்குள் பூண்டு உருண்டு காட்டினால் கிணற்றடித் தோட்டம் அவளுக்கு. இல்லாவிட்டால் ஏர் பூட்டிவிடுவார்.

தலை போன செடியில் பூண்டு எப்படி உருளும்? அவள் கண் கலங்கிவிட்டது.

கண்ணபிரான் துணியை அவிழ்த்தான். "நீங்க சத்தம் போடலேன்னா இதைப் பெருமாளுக்குச் சாத்தியிருப்பேன். என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க... உங்க பயிரை நான் கெடுத்துட்டேன். செடி தேறுற வரைக்கும் சனிக்கிழமை தவறாம வந்து நானே தண்ணி எறைக்கிறேன்."

"பூ கட்டற கைக்கு ஏத்தம் எறைக்க வருமா, சாமி?"

"வராது. கத்துக்கிறேன்."

சொன்னபடியே வந்தான். முதல் சனிக்கிழமை உள்ளங்கை கொப்பளித்தது. இரண்டாவது சனிக்கிழமை, மாலை கட்டி மிஞ்சிய காம்புகளை ஒரு சாக்கு நிறையக் கொண்டு வந்து பாத்தியில் பரப்பினான். வேரடி குளிர்ந்து கிடந்தது. 'அட, மூளைகூட இருக்குதே!' என்று நினைத்துக்கொண்டாள்.

"சாக்கைத் தூக்கிக்கினு பஸ்ல வந்தியே, யாரும் சிரிக்கலியா?"

"சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சா வந்த பஸ் கூலிக்குச் சரியாப்போகும்."

சிரித்துத் தொலைத்தாள். அவன் கன்னத்தில் விழுந்த குழியைப் பார்க்காத மாதிரி பார்த்தும் தொலைத்தாள்...

மூன்றாவது சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமைகளிலும் வரவில்லை. திருப்பதிப் பக்கம் போய்வந்த பூக்கார தணிகாசலம்தான் சேதி சொன்னான். கண்ணபிரானின் வேட்டியில் பூண்டு வாடை அடித்ததாம். அவன் அம்மா வரலக்ஷ்மி, "இந்த வாடையோட பூ கட்டற எடத்துல கால் வைக்காத," என்று சொல்லிவிட்டாளாம்.

வேண்டாம் போ! பூண்டுக்காரி வாடை ஆகாதென்றால் யார் கூப்பிட்டார்கள்? அவள் கடிதாசு எழுதவில்லை. ஆனால் ஏற்றம் கிறீச்சிடும்போதெல்லாம் வேலிப் பக்கம் திரும்பிய கண்ணை அவளால் அடக்க முடியவில்லை. தான் அவனை விரும்பிவிட்டோம் என்று அந்தக் கண்தான் அவளுக்குச் சொன்னது. தண்ணீரை மட்டும் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை.

சித்திரை கடைசி நாள். இலைகள் மஞ்சளித்துவிட்டன. ஆதிநாராயணன் ஏரும் மாடுமாக வரப்பில் வந்து நின்றார்.

"ஊரே ராஜ்யம் மாறிடுச்சி. நீ பயிரை மாத்தினா இன்னாம்மா?"

"தோண்டிட்டுப் பேசலாம் நைனா."

பூவோடு நின்ற நாலு செடியைத்தான் முதலில் தோண்டினாள். தேறுவது என்றால் அவைதானே? எலுமிச்சம்பழ அளவுக்குத்தான் வந்தன. ஆதிநாராயணன் பெருமூச்சு விட்டு மாட்டின் கயிற்றைப் பிடித்தார்.

"இன்னும் முப்பத்தாறு கீது நைனா. நில்லு."

 மொட்டைக் காம்பு ஒன்றின் அடியில் மண்வெட்டியை இறக்கி நெம்பினாள். மண் பிளந்தது... அவளுடைய முஷ்டியை விடப் பெரிதாக, வெள்ளைவெளேரென்று ஒரு பூண்டு உருண்டு வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்!

பூவுக்குப் போகவேண்டிய சத்தெல்லாம் கீழே இறங்கியிருக்கிறது. கெடுத்தான் என்று யாரைத் திட்டினாளோ அவன்தான்...

"உள்ள வரலாமா?"

வேலிக்கு வெளியே, அவள் தோண்டியதையெல்லாம் பார்த்தபடி, கண்ணபிரான் நின்றிருந்தான். இந்த முறை கேட்டுவிட்டு நின்றான்.

ஆதிநாராயணன் மகள் முகத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அவள் கையிலிருந்த பூண்டைப் பார்த்தார். "சரே... கரும்பை மேட்டு நெலத்துல போட்டுக்கறேன். தோட்டம் உன்னுது. மாட்டைக் கட்டிட்டு வரேன், பேசி முடிங்க," என்று போய்விட்டார்.

"வாடை ஒட்டிக்கும் சாமி. உங்கம்மா கோவிச்சிக்குவாங்க."

"வீட்டுல சொல்லிட்டேன். பூ கட்டறதுக்கு முன்னாடி பத்துத் தடவை வேணும்னாலும் குளிக்கிறேன், ஆனா அந்தத் தோட்டத்துக்குப் போகாம இருக்க முடியாதுன்னு. ஒரு மாசமா அம்மா பேசவே இல்லை. நேத்துதான் வாயைத் திறந்து ஒண்ணு கேட்டாங்க."

"இன்னா கேட்டாங்க?"

"'அந்தப் பொண்ணு பூண்டுக்குத் தனி அடுப்பு வெச்சுக்குவாளா?'ன்னு."

தாட்சாயணிக்கு முகமெல்லாம் சூடானது. "தனி அடுப்பு வெச்சிக்கறேன். ஆனா தோட்டத்தை வுடமாட்டேன். ஒவ்வொரு ஐப்பசியும் இங்க வந்து நடுவேன்."

"பூ வந்ததும் தலையை அறுக்க ஆள் வேணுமே?"

அவள் குனிந்து, தோண்டிப் போட்ட நாலில் ஒரு பூவை ஒடித்தாள். வாடி, நிறம் மங்கிப்போயிருந்தது. அதை அவனிடம் நீட்டினாள். "இது சாமிக்கு ஆகாத பூ..."

கண்ணபிரான் அதை வாங்கினான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மூக்கருகே கொண்டுபோய், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"காரமா?" என்றாள் பதறி.

"இல்லை, தாட்சாயணி..." முதல்முறையாக அவள் பெயரைச் சொன்னான். "நான் மோந்து பாத்த முதல் பூ. இது உன் கையால வந்துதே, அதான்... எனக்கு உன்னை ரொம்பப் புடிச்சிருக்கு."

 மீதி மூன்று பூவையும் ஒடித்து அவன் கையிலேயே வைத்தாள்.