ஏழாம் கட்டிலின் இணைப்பு

சர்வருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஒரே ஒரு வரி வர வேண்டும்: அவன் பெயர். இரண்டு வந்தன. மற்றது, ஏழாம் கட்டில்.

அந்த சர்வர் தொலைவில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறது; வீட்டுக் கணினியிலிருந்தே அதைப் பராமரிப்பவன் அவன். நோயாளியின் மூச்சு தடைபட்டால் கட்டிலருகே உள்ள கருவி அதனிடம் சொல்லும்; அது நர்ஸின் போனில் மணியடிக்கும். அதன் மென்பொருளைப் புதுப்பிக்க ஒரு முறை உண்டு. நகல் எடுக்க வேண்டும். மாற்று சர்வரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும். புதுப்பித்ததும் ஒரு பொய் மணி அடித்துப் பார்க்க வேண்டும்.

போன மாதம் அவன் பொய் மணி அடிக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். பதினொரு நிமிடம் எந்தப் போனும் ஒலிக்கவில்லை. ஏழாம் கட்டிலில் இருந்தவர் போய்விட்டார். அறிக்கையில் ‘இணைப்புக் கோளாறு’ என்று எழுதினான். இறந்தவரின் மகள் அவனுக்கே ஆறுதல் சொன்னாள்: “நீங்க என்ன சார் பண்ணுவீங்க!”

மருத்துவமனை வார்டு டெக்னீஷியனைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டான்.

“ஏழுல யாராவது இருக்காங்களாப்பா?”

“காலிண்ணே. அந்த மிஷினையும் கழட்டி பீரோவுல பூட்டியாச்சு. என்ன, ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்காம பேய் ஓட்டுறீங்களா?”

சிரிக்க முயன்றான். திரைச்சீலைக்குப் பின்னால் வெயில் தகித்தது. மேசைக்கடியில் கணினியின் விசிறி சுற்றும் ஒலிக்கும், அடுத்த அறையில் மனைவி துணி மடிக்கும் சரசரப்புக்கும் நடுவே, இந்த வீட்டில் யாரும் வாங்காத, மருத்துவமனைத் தரை துடைக்கும் மருந்தின் நெடி மெல்லப் பரவியது.

இன்று எதையும் விடவில்லை. நகல் எடுத்தான். மாற்று சர்வர் வேலையை ஏற்றது. புதுப்பித்தான். பொய் மணியைத் தன் போனுக்கே அனுப்பினான்.

‘கட்டில் 7. மூச்சு இல்லை. உடனே வரவும்.’

அவன் அனுப்பியது அதுவல்ல.

மீண்டும் ஒலித்தது. மீண்டும்.

யாராவது கட்டிலருகே போய்ப் பொத்தானை அழுத்தினால்தான் அது ஓயும். அப்படி அமைத்தவனே அவன்தான்.

ஓய்ந்தது.

திரையில் ஒரு வரி. ‘வந்துவிட்டார்.’ பக்கத்தில் அவன் பெயர்.

“அண்ணே,” இன்னும் துண்டிக்காத ஸ்பீக்கரில் டெக்னீஷியனின் குரல் தாழ்ந்திருந்தது. “நீங்க எப்ப வந்தீங்க?”

“நான் வீட்லதாம்பா இருக்கேன்.”

“ஏழு பக்கத்துல நிக்கிறீங்களே, முதுகைக் காட்டிக்கிட்டு... அண்ணே, காலிக் கட்டில்ல யாரைப் போட்டு அமுக்குறீங்க?”

குனிந்து பார்த்தான். கைகள் விசைப்பலகையின் மேல்தான் இருந்தன.

உள்ளங்கைகளுக்கு அடியில், வெதுவெதுப்பாக, ஏதோ மேலெழத் திணறியது.