கேமரா பார்த்த உள்ளங்கை

என் அப்பாவின் மூக்கில் நாற்பத்தேழு கரும்புள்ளிகள் இருக்கின்றன. போன வியாழக்கிழமை வரை அது யாருக்கும் தெரியாது. அன்றைக்குத்தான் கேமரா கடைக்காரர் எங்கள் ஸ்டூடியோவுக்கு ஒரு புதுக் கேமராவைக் கொண்டுவந்தார்.

"மூணு நாள் வச்சுப் பாருங்க. பிடிச்சா வாங்கிக்குங்க. இல்லன்னா சனிக்கிழமை சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுங்க" என்றார்.

அப்பா முதலில் தன்னையே எடுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரையில் மூக்கு மட்டும் பூசணிக்காய் அளவுக்கு வந்து நின்றது. "ஐயோ!" என்று அலறியது அப்பா. புள்ளிகளை எண்ணியது நான்.

அன்று முழுக்க ஸ்டூடியோவில் ஒரே "ஐயோ"தான். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த வங்கி அக்கா தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். தையல்கார மாமா தன் மீசைக்குள் இருந்த நரைமுடிகளைக் கண்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"இது நமக்குச் சரிப்படாதுங்க" என்றார் அம்மா. படங்களை அச்சடித்து, வெட்டி, உறையில் போடுவது அம்மாவின் வேலை. "ஜனங்க அவங்க முகத்தைப் பாக்க வராங்க. முகப்பருவைப் பாக்க இல்ல."

"பழைய கேமரால எடுத்ததைச் சுவர் அளவுக்குப் பெரிசாக்கினா மூஞ்சியெல்லாம் கலங்கிடுமே" என்றார் அப்பா. "பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு ஆறடிப் படம் கேக்கிறாங்க. அது கிடைச்சா வருஷா வருஷம் நமக்குத்தான்."

பள்ளிக்கூடம் என்றால் என் பள்ளிக்கூடம். படம் என்றால் எங்கள் வகுப்புப் படம். வெள்ளிக்கிழமை காலை மைதானத்தில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, புதுக் கேமராவில் அப்பா அதை எடுத்தார். சனிக்கிழமை நாலு மணிக்குத் தலைமையாசிரியை வந்து பார்ப்பதாகப் பேச்சு. அவர் சரி என்றால் கேமரா எங்களுக்கு. இல்லையென்றால் கடைக்காரருக்கே.

சனிக்கிழமை மதியம் அப்பா ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசி வரிசைக்கு வந்ததும் துள்ளிக் குதித்தார்.

"ஏய் வாலு, இங்க வா! இந்தப் பொண்ணு உள்ளங்கையில பேனாவால எழுதியிருக்கு. எழுத்து எழுத்தாத் தெரியுது பாரு! இதையே உங்க தலைமையாசிரியைக்குக் காட்டிடுறேன். மறுபேச்சே பேச மாட்டாங்க."

அதற்குள் வாசலில் யாரோ கூப்பிட, அவர் எழுந்து போனார். நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

அவள் எங்கள் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நாங்கள் அவளைப் 'புதுசு' என்றுதான் சொல்வோம். வெயில் கண்ணில் அடித்ததோ என்னவோ, நெற்றியில் புறங்கையை வைத்து மறைத்திருந்தாள். உள்ளங்கை முழுதாகத் தெரிந்தது.

பரீட்சைக்கு விடை எழுதிவைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். "அடிப்பாவி!" என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம்தான் படித்தேன். மை மங்க மங்க அதன்மேலேயே திரும்பத் திரும்ப எழுதியிருந்தாள்.

நெட்டை - பென்சில் குடுத்தான்.

கண்ணாடி - சிரிச்சா.

குட்டை ஜடை - கேட்டேன். பதிலே சொல்லலை.

எங்கள் வகுப்பில் குட்டை ஜடை ஒருத்திக்குத்தான். அது நான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதில் சொல்லாத ஆளா நான்? யார் யாரிடம் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் நான்! மூளையைக் கசக்கினேன். முதல் நாள் அவள் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் நெட்டையிடம் ஏதோ அளந்துகொண்டிருந்தேன். அவள் வாய் அசைந்தது ஞாபகம் வந்தது. என்ன கேட்டாள் என்று மட்டும் தெரியவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

கூடவே பயமும் வந்தது. கையில் எழுதுவது தலைமையாசிரியைக்கு அறவே பிடிக்காது. இந்தப் படத்தை ஆறடிக்குப் போட்டு மாட்டினால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று படிப்பார்கள். பிறகு அவள் பள்ளிக்கூடத்துப் பக்கமே வரமாட்டாள்.

அப்பா திரும்பி வந்தார்.

"இதைக் காட்டாதீங்கப்பா."

"ஏன்டா? நல்லாத்தானே இருக்கு?"

"படிச்சுப் பாருங்க."

அப்பா படித்தார். பிறகு என் ஜடையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரோ கம்ப்யூட்டரிலேயே அந்த மையைத் துளித்துளியாக அழித்தார்.

"அழிச்சாச்சு. ஆனா காட்டுறதுக்கு வேற என்ன இருக்கு? இன்னும் ஒரு மணி நேரம்தான்."

"நான் தேடுறேன்."

சட்டைப் பொத்தான், ஷூ நாடா, ஒட்டுப்போட்ட முழங்கால் என்று ஒன்று விடாமல் பார்த்தேன். எதுவும் தேறவில்லை. முன்வரிசையில் 'கண்ணாடி' உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்குக்கண்ணாடியில் என்னவோ தெரிந்தது. பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.

"அம்மா! ஓடி வாங்க!"

கண்ணாடிக்குள் ஸ்டூல். ஸ்டூல் மேல் அப்பா. ஒற்றைக்காலில்! இன்னொரு கால் பின்னால் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது.

அம்மா இடுப்பில் கை வைத்தார். "பத்து வருஷமாச் சொல்றேன், படம் எடுக்கும்போது காலைத் தூக்குறீங்கன்னு. 'நானா? நானா?'ன்னு கேட்டீங்களே!"

அப்பா வாயைப் பிளந்தார். "நிஜமாவே தூக்குறேனா?"

"இதைக் காட்டலாம்ப்பா."

"என் மானம் கப்பலேறிடும்!"

"அவ மானம் ஏறக் கூடாதுன்னா உங்க மானம் ஏறித்தான் ஆகணும்."

அப்பா என்னை முறைத்தார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

சரியாக நாலு மணிக்குத் தலைமையாசிரியை வந்தார். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. படத்தைப் பார்த்ததும் முதல் கேள்வியே, "அந்தக் கடைசி வரிசைப் பொண்ணு ஏன் கையைத் தூக்கியிருக்கு? கொஞ்சம் பெரிசாக்குங்க."

அப்பா பெரிதாக்கினார். வெறும் கைரேகைதான் இருந்தது.

"ம்" என்றார் தலைமையாசிரியை. அந்த 'ம்' சரியா, இல்லையா என்று யாருக்கும் புரியவில்லை.

அப்பா இரண்டு கால்களையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டார். பிறகு அந்த மூக்குக்கண்ணாடியைத் திரை முழுக்கக் கொண்டுவந்தார்.

தலைமையாசிரியை குனிந்து பார்த்தார். "சார், இது... நீங்களா?" அவ்வளவுதான். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். நான் அதிர்ச்சியில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"படத்தைப் போடுங்க. அடுத்த வருஷமும் நீங்கதான் எடுக்கணும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

கேமரா எங்களிடமே தங்கியது. "முகத்துக்குப் பழசு, சுவத்துக்குப் புதுசு" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார்.

திங்கட்கிழமை 'புதுசு' வகுப்புக்குள் நுழைந்ததும் அவள் வழியை மறித்து நின்றேன்.

"முதல் நாள் என்கிட்ட ஏதோ கேட்டியே, என் காதுல விழலை. மறுபடி கேளு."

அவள் திடுக்கிட்டுப் போனாள். "இப்ப எதுக்கு?"

"கேளேன்."

அவள் தயங்கித் தயங்கி என் பெஞ்சைக் காட்டினாள். "இங்க யாராவது உக்காருவாங்களா?"

மூன்று வாரமாக அவள் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் பை.

பையைத் தூக்கித் தரையில் வைத்தேன்.

"யாரும் இல்ல. வா, உக்காரு" என்றேன்.